கல்லும் உயிரும்

தருமபுரியில் ஓரன்பர் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தபோது, அவ்வூரைச் சார்ந்த பள்ளியொன்றில் ஆசிரியராயிருக்கும் இளைஞரொருவர் ஒருநாள் மாலை எம்பால் வந்தனர். அவர்தம் தந்தையார் இறந்து பத்து நாட்களே ஆகியிருந்தன. தந்தையார் பொருட்டு நாட்டிய கல்லுக்கு நாடோறும் நீர் வார்த்தும், அமுது படைத்தும் வந்தனர். கடைநாளில் அதனை எடுத்துக் காவிரியில் விடுதல் வேண்டும். சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர் அவர் கேட்டது இது:

"ஐயா, உயிருள்ளவை இவை, உயிரற்றவை இவை என்று பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்பவன் யான். உயிரற்றவை என்னும் தலைப்பின் கீழ்க் கரும்பலகையில் முதற்கண் யான் எழுதுவது கல். ஆறாண்டாக எழுதி வருகின்றேன். இப்பொழுது அக்கல்லின் முன் நின்று 'அப்பா' என்று அழைத்து நீர் வார்க்கின்றேன். இவ்விரண்டனுள் எது பொய்?"

வினா சிறிது, ஆயினும் அதன் உள்ளே நம் சமயத்தின் முதனிலைக் கொள்கை முழுதும் அடங்கிக் கிடக்கின்றது. இறைவன் திருவுருவைக் கல்லென்று இகழ்வார்க்கும், உயிரென்பது உடம்பின் ஒரு குணமே என்பார்க்கும், மறுதலையாகக் கண்டனவெல்லாம் உயிருடையன என்று மகிழ்வார்க்கும் கூறவேண்டுவது ஒன்றே யாதலின், அவ்விளைஞர்க்கு அன்று கூறியதனையும், அன்று கூறாது பின்னர் எண்ணியதனையும் ஈண்டு எழுதுகின்றேம்.

பள்ளிநூல்கள் உயிருடைப் பொருளுக்குக் கூறும் இலக்கணம் யாவரும் அறிந்ததே. உண்ணும், உயிர்க்கும், வளரும், தன்னினத்தைப் பெருக்கும், தீண்டினால் எதிர்ச்செயல் காட்டும் என்பர். சிறுவர்க்கு இது போதும். ஆயின் இவற்றுள் ஒன்றேனும் பிழையாது நிற்பதன்று. நெருப்பு விறகை உண்கின்றது, காற்றை வேண்டுகின்றது, வளர்கின்றது, ஒரு பொறியினின்று நூறு பொறியைப் பிறப்பிக்கின்றது. அதனை உயிரென்பார் இலர். உப்புநீரில் தொங்கவிட்ட நூலிற் படிகம் நாளுக்கு நாள் வளர்கின்றது. கோவேறு கழுதை தன்னினத்தைப் பெருக்க மாட்டாது. அதுபற்றி அதனைச் சடமென்பார் யாவர்?

விதையின் இயல்பு இன்னும் நுண்ணிது. தருமபுரிப் பக்கத்துக் குடியானவர் வீட்டிற் கேழ்வரகு விதை பானையில் உறங்குகின்றது. அதனோடு அப்புனத்து மணலும் சிறிது கலந்திருக்கும். இரண்டும் பருமனால் ஏறத்தாழ ஒத்தன, இரண்டும் அசையா, இரண்டும் உண்ணா, கண்ணாற் காண்பார்க்கு இரண்டும் வளரா. யூதேயா நாட்டு மசாடா என்னும் மலைக்கோட்டையில் அகழ்ந்தெடுத்த பேரீச்ச வித்தொன்று, ஏறத்தாழ 2000 ஆண்டு அங்ஙனமே கிடந்து, 2005ஆம் ஆண்டில் நீர் பெற்று முளைத்தது. இரண்டாயிரம் ஆண்டு அவ்வித்து எவ்வகுப்பைச் சார்ந்தது? முளைத்தமையால் உயிருடையதே என்று இன்று சொல்கின்றேம். முளையாமுன் அதனைக் கையில் ஏந்தியவன் யாது கண்டு அங்ஙனம் சொல்லியிருப்பான்? கூழாங்கல்லினின்று அதனைப் பிரித்தறிதற்குச் செயலொன்றும் அதன்கண் அன்று வெளிப்பட்டிருந்ததில்லை. இதனை நினைவிலிருத்துக, பின்னர் வேண்டப்படும்.

எதிர்ச்செயல் என்னும் அடையாளத்தைப் பற்றி நம்மவருள் ஒரு மயக்கம் நெடுநாள் உளது. ஜகதீச சந்திர போஸ் என்னும் வங்க அறிஞர் 1901ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவிலே, வெள்ளீயம் முதலிய உலோகங்களும் தூண்டப்பட்டபோது தசையைப் போலவே மின்வழி எதிர்ச்செயல் காட்டுகின்றன என்றும், மீட்டும் மீட்டும் தூண்டப்பட்டால் அவையும் அயர்கின்றன என்றும், நஞ்சூட்டினால் அவ்வெதிர்ச்செயல் ஒடுங்குகின்றது என்றும் கருவிகளாற் காட்டினர். மறுவருடம் இப்பொருள் பற்றி அவர் நூலும் வெளிவந்தது. அதன்பின் நம் நாட்டு மேடைகளில், "கல்லும் இரும்பும் உயிருடையன என்பது மெய்ப்பிக்கப்பட்டது, நம் முன்னோர் கூறியது இதுவே" என்று முழங்கினார் பலர். போஸ் அவர்களின் திறமை பெரிது. அதனை யாம் குறைத்துக் கூறோம். ஆயினும் இம்முழக்கம் சித்தாந்தத்துக்கு உடன்பாடன்று. எதிர்ச்செயல் வேறு, அறிவு வேறு. தட்டினால் மணி ஒலிக்கும். தட்டுண்டதை மணி அறியாது. உலோகமும் தசையும் ஒருதன்மையன என்று காட்டியதனாற் பெறப்படுவது, தசையும் உலோகம்போற் சடமே என்பதன்றி, உலோகமும் தசைபோல் உயிரென்பதன்று. இஃது எமக்கு இடையூறன்று, துணையே. உடம்பு சடமென்பது எம் சமயம் என்றும் கூறி வருவதன்றோ?

ஆம், ஈண்டுத்தான் பள்ளிப்பாடமும் சித்தாந்தமும் வழி பிரிகின்றன. பள்ளிப்பாடம் உடம்புகளைப் பார்த்து, இவ்வுடம்பு உயிர், அவ்வுடம்பு உயிரன்று என வகுக்கும். சித்தாந்தமோ உடம்பெல்லாம் மாயையின் காரியம், ஆதலின் எல்லாம் சடம் என்று முதலில் ஒருங்கே தள்ளிவிடும். கல்லும் சடம், கையும் சடம். காவிரி நீரும் சடம், குருதியும் சடம். மூச்சுக்காற்றும் சடமே. பொறிகளும் மனமும் புத்தியும் சடமே. நுண்மையாற் சித்துப்போலத் தோன்றுவன அவ்வளவே. இவையனைத்தையும் கருவியாகக் கொண்டு நிற்கும் அறிவுப்பொருள் ஒன்றே உயிர். 'உயிருள்ள உடம்பு' என்பது 'குடியுள்ள வீடு' என்பது போல்வது. வீட்டின் செங்கல்லைச் சோதித்துக் குடியைக் காணுதல் கூடாது.

மெய்கண்ட தேவர் சிவஞான போதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் இதற்கு ஏதுக்களை அடுக்குகின்றார். உடம்பு, பொறி, மூச்சு என ஒவ்வொன்றாக ஆராய்ந்து 'இது யானன்று' எனத் தள்ளுவதொன்று உளதாகலின் என்பது முதலேது. 'எனது உடல்' என்று உடைமைப்பொருளாகக் கூறப்படுதலின் என்பது பிறிதொன்று. கண் அறிவதைச் செவி அறியாது. செவி அறிவதைக் கண் அறியாது. ஐந்தனையும் ஒருங்கே அறிவதொன்று வேண்டும். கனவில் இவ்வைம்பொறியும் ஒடுங்கியபோதும் அறிவதொன்று உண்டு. இவற்றுள் எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது துயிலைப் பற்றிய ஏது. அயர்ந்து துயில்வானுக்கு மூச்சு இடையறாது ஓடுகின்றது. ஆயின் நுகர்ச்சியுமில்லை, செயலுமில்லை. மூச்சே உயிராயின், மூச்சுள்ளபோது நுகர்ச்சியும் இருத்தல் வேண்டுமன்றோ? மூச்சே உயிரென்று உலகத்தார் எளிதிற் கொள்ளும் கொள்கையை, நாடோறும் அவரவர் படுக்கையிலேயே நிகழும் ஒன்றைக் காட்டி மறுத்துவிடுகின்றார் ஆசிரியர். இற்றை மருத்துவசாலைகளில் நினைவு மீளாதவராய்ப் பொறிகளால் மூச்சு இயக்கப்பெற்றுக் கிடப்பாரைக் கண்டு கலங்குவார் இவ்வேதுவை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

இனி உலகாயதன் எழுந்து, "வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு இம்மூன்றிலும் தனித்தனி இல்லாத செந்நிறம் கூட்டத்திற் பிறக்குமாறு போல, பூதங்களில் இல்லாத அறிவு அவற்றின் கூட்டத்திற் பிறக்கும்" என்பன். பழைய கடாவே எனினும் புதிய ஆடையுடுத்து வந்துள்ளது. உயிருடம்பிலன்றித் தோன்றாதென்று கருதப்பட்ட யூரியா என்னும் பொருளை, வோலர் என்னும் ஜெர்மானிய இரசாயனப் புலவர் 1828இல் உயிரின் துணையின்றிக் கலத்திற் செய்து காட்டினர். 1953இல் அமெரிக்க நாட்டு மில்லர் என்பார் நீராவியோடு சில ஆவிகளைக் கலந்து மின்பொறி பாய்ச்ச, ஊனின் முதலுறுப்பாகிய அமினோ அமிலங்கள் சில தோன்றின. இவற்றையெல்லாம் யாம் மறுக்கவில்லை; மறுப்பது பேதைமை. மேலும் மேலும் இத்தகையன செய்யப்படும். ஒருநாள் புல்லின் உடம்பு முழுவதையும் மனிதன் சமைத்தாலும் சமைக்கலாம். அப்பொழுதும் சமைக்கப்பட்டது உடம்பே. வீடு கட்டினவன் குடியையும் தானே பிறப்பித்தேன் என்று சொல்லுதல் கூடுமோ? செந்நிற உவமையின் குற்றமும் இதுவே. வெற்றிலை கண்ணாற் காணப்படும் பொருள், பாக்கும் அது, பிறந்த செந்நிறமும் அது. காணப்படுவன கூடிக் காணப்படுவதொன்றைப் பிறப்பித்தன, வியப்பில்லை. செந்நிறத்தைக் கண்டவன் எங்கே? அவன் அத்தாம்பூலத்தின் உள்ளே இலன்.

இந்நாளில் வினாவுக்கு விடையிறுக்கும் கணிப்பொறிகள் வந்துள்ளன. அவை 'யான்' என்றும் 'எனது' என்றும் தமிழிலேயே சொல்கின்றன. "மூன்றாஞ் சூத்திரத்து ஏதுக்கள் இவற்றிற்கும் பொருந்துமே, இவையும் உயிரோ?" என்று அவ்விளைஞர் இடையிற் கேட்டனர். நல்ல கேள்வி. ஆசிரியர் உடம்பையே மாயையாலாகிய இயந்திரம் என்று அச்சூத்திரத்திற் கூறினமை கருதற்பாலது. சொல்லும் ஒலியும் இயந்திரத்தின் தொழில்; மனிதன் வாயிற் பிறந்தாலும் அவை அன்னவே. ஏதுவாவது 'எனது' என்னும் ஒலியன்று. அவ்வொலிக்கு முன்னே தன்னை உடம்பின் வேறாக உணர்ந்து நிற்பதாகிய ஒன்று. அஃது உளதாயின் இன்பதுன்ப நுகர்ச்சியும் உளதாகும், வினையும் உளதாகும். எண்ணெய் வற்றிய செக்கு நின்றால் செக்குக்குத் துன்பமில்லை. மின்சாரம் அற்ற பொறி நின்றால் பொறிக்கும் இல்லை. கிளி சொல்லும் சொல்லினும் இப்பொறி சொல்வது திருத்தமானது. ஆயினும் பசித்தால் வருந்துவது கிளியே.

அங்ஙனமாயின் சடத்துக்கும் உயிருக்கும் வரம்பு யாது? 'அறிவது உயிர், அறியாதது சடம்' என்று எளிதாகக் கூறுவர். அவ்வாறு கூறின் இழுக்கும். ஆணவ மறைப்பிற்பட்ட உயிர், கலாதி கருவிகளைக் கூடாத கேவல நிலையில், அறிவு இச்சை செயல் ஒன்றும் விளங்காது கிடக்கும் என்பது நூன்முடிபு. அந்நிலையில் அதனைக் கல்லினின்றும் பிரித்தறிதல் எவ்வாறு? இருளில் விழித்திருப்பவன் கண்ணும் ஒன்றையும் காணாது. குருடன் கண்ணும் ஒன்றையும் காணாது. விளக்கை ஏற்றினால் ஒருவன் காண்பன், மற்றவன் காணான். இருள் நிலையில் இருவரும் ஒத்தாரெனினும், இருவரும் ஒருவரல்லர். ஆதலின் வரம்பினை, 'அறிவித்தால் அறிவது உயிர். அறிவித்தாலும் அறியாதது சடம்' என்று நிறுவுதலே சாலும். தானே அறிவது சிவம் ஒன்றே. உயிர் தானே அறியும் வல்லமை யில்லாதது. ஆயினும் அறிவிக்க அறியும் தகுதி அதற்கு அனாதியே உண்டு.

பானையிலுள்ள கேழ்வரகையும் மணலையும் மீண்டும் நினைக்க. இரண்டையும் ஒரே புனத்தில் இறைத்தனர். ஒரே மழை இரண்டின்மேலும் பெய்தது. ஒன்று முளைத்தது. மணல் நூறு மழைக்கும் மணலே. மழை ஓரம் சொல்லிற்றில்லை. உவமை ஒருபுடை ஒப்பே; விதையின் உடம்பும் சடமே யாதலின் முற்றும் பொருந்தாது. ஆயினும் அவ்வாசிரியர் முகத்தில் முதன்முதல் தெளிவு தோன்றியது இதனைக் கேட்டபோதுதான். "இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே" என்றனர்.

உயிர் ஒருதன்மையதாயினும், அது பெற்ற உடம்பின் வாயில்கள் பலதிறத்தன. தொல்காப்பியனார் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது இவ்வாயில் பற்றியேயாம். புல்லும் மரமும் தொடுவுணர்ச்சி ஒன்றே உடையன, நந்து முதலியன இரண்டு, சிதலும் எறும்பும் மூன்று, நண்டும் தும்பியும் நான்கு, விலங்குகள் ஐந்து, மக்கள் மனத்தோடு ஆறு. மரத்திற்கு அறிவுயிர் இல்லையென்று பௌத்தருட் பலர் கொண்டிருக்க, தமிழ் மரபு அதற்கு ஓரறிவு கொடுத்தமை பெருமைக்குரியது. மரத்தை வெட்டுதலும் கல்லை உடைத்தலும் ஒரு தொழிலாகா என்னும் அறத்தின் வேர் இதில் உள்ளது. கீரையை உண்ணுதல் கொலையோ எனக் கேட்பார்க்கு விடை தனியே விரித்தற்குரியது, ஈண்டு விடுகின்றேம்.

ஐயறிவு என்று வகுத்தவற்றுள்ளும் ஓருயிர் எத்துணை உயரக்கூடும் என்பதற்குத் தருமபுரிக்கு அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து, அஃதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த, நடுகல்லொன்று கிடைத்தது. கருந்தேவக் கத்தி என்னும் வீரனது கல் அது. அவன் உருவத்தின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அதன் பெயரும், கள்வர் இருவரை அது கடித்து நின்ற செயலும் எழுதப்பட்டுள்ளன. ஆயிரத்துநானூறு ஆண்டாக ஒரு நாயின் பெயரைக் காத்து நிற்கின்றது அக்கல். ஆயினும் அப்பெயரை அக்கல் ஒருமுறையும் அறிந்ததில்லை. வாசிக்கும் நாம் அறிகின்றேம்.

ஓரறிவுக்குக் கீழே அறிவில்லா உடம்பிலும் உயிர் தங்குமோ என்பது அடுத்த ஐயம். சமணர், மண்ணையும் நீரையும் தீயையும் காற்றையுமே உடம்பாகவுடைய உயிர்கள் உண்டென்பர். தகடூரிலும் சமணம் தழைத்திருந்த காலமொன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு நுளம்பர் காலத்துக் கல்வெட்டுகளால் அஃது அறியப்படும். சைவர் அக்கொள்கையை உடன்படார். மண் முதலியன மாயையிற் றோன்றிய பூதங்கள், அவ்வளவே. ஆயின் நம் மணிவாசகப் பெருமான் சிவபுராணத்தில் தாம் பிறந்திளைத்த பிறப்புகளை எண்ணும்போது கல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்தருளினார். இதனை என் செய்வது?

கல்லினுள் வாழும் தேரை முதலிய உயிர்களைக் கருதிற்று எனலாம். சாபத்தாற் கல்லாகிய அகலிகை போன்றாரைக் கருதிற்று எனலாம். கடலிற் பவளப்பூச்சிகள் தம் உடம்பைச் சுற்றிக் கல்லையே வீடாகக் கட்டுதலை அறிந்த இக்காலத்தார் அதனையும் சேர்க்கலாம். முதற் பொருள் எமக்கு நிறைவு தரவில்லை. தேரை தேரையேயன்றிக் கல்லாகாது. எல்லாக் கல்லும் பிறவியே என்று கொள்ளின், உடம்பு வினைப்பயன் நுகர்தற்கே வந்தது என்னும் முடிபோடு மாறுகொள்ளும். நுகரும் வாயில் ஒன்றுமில்லா உடம்பில் நுகர்ச்சி யாங்ஙனம்? ஆகலின் நுகர்ச்சியே மறுக்கப்படுதலாகிய ஒரு தண்டம் சிலவுயிர்க்கு உண்டு, அது கேவலத்தை ஒப்பதொரு நிலை, அதனையே அடிகள் கல்லென்றருளினார் என்று கொள்ளுதலே எமக்குத் தகுதியாகத் தோன்றுகின்றது. பிறப்பின் நிரலிற் கல்லை அடுத்து மனிதரை வைத்தமையும் நோக்கத்தக்கது. அறிவுக்கு வாயிலே யில்லா நிலைக்கு அடுத்த சொல், எல்லா வாயிலும் திறந்த நிலை! பெரியோர் வேறு கருதின் எழுதியருளுக. யாம் பிடிவாதஞ் செய்யோம்.

ஒகேனக்கற் பாறைகளை யாம் மறுநாள் கண்டேம். அவற்றுட் சில இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையின என்பர் நிலநூலார். அத்துணைக் காலத்தில் காவிரி அவற்றைக் குடைந்தது, வழுவழுப்பாக்கியது, பிளந்தது. அவற்றுள் ஒன்றேனும் ஒருநாளேனும் 'யான்' என்றதில்லை. அவற்றின்மேல் வழுக்காது நடக்க அஞ்சி அடியெடுத்து வைத்த ஐந்து வயதுக் குழந்தை ஒரு நாழிகையில் நூறு முறை 'யான்' என்றது.

இனி அவ்விளைஞர் கல்லுக்கு வருவாம். தகடூர் நாடு நடுகல்லின் நாடு. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் பட்ட வீரர்க்கு நட்ட கற்கள் தருமபுரி அகழ்வைப்பகத்திலும் வயல்வெளிகளிலும் நிற்கின்றன. அவற்றுட் பலவற்றை 'வேடியப்பன்' என்று பெயரிட்டு மக்கள் இன்றும் வழிபடுகின்றனர். எழுத்தை வாசிப்பாரில்லை, வீரன் பெயரை அறிவாருமில்லை, பொங்கலிடுவார் உளர். அந்நாட்டையாண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின், அவனுக்கும் கல் நடப்பட்டது. அதற்குப் பீலி சூட்டி, நாரால் அரித்த கள்ளைச் சிறு கலத்தில் வார்த்தனர். கண்டு நின்றார் ஔவையார். மலைகளோடு கூடிய நாடு முழுவதையும் பிறர் கொடுத்தாலும் கொள்ளாதவன், இச்சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானோ என்று அவர் ஏங்கியது புறநானூற்று 232ஆம் பாட்டு. நெல்லிக்கனி பெற்றவர், அவனை நேரில் அறிந்தவர், அக்கல்லை அஞ்சியென்றும் சொல்லவில்லை, வெறுங்கல்லென்றும் சொல்லவில்லை. கொள்வானோ என்றே கேட்டார். இரண்டாயிரம் ஆண்டுக்குமுன் அந்நாட்டிற் கேட்கப்பட்ட கேள்வியையே இவ்விளைஞரும் கேட்டனர் என்பதை அவர்க்கு எடுத்துக்காட்டினேம்.

கொள்வானோ? கல் கொள்ளாது, அது சடம். அஞ்சியின் உயிர் அக்கல்லில் இல்லை. அது தன் வினைவழிச் சென்றது. சென்ற உயிர் கருவியின்றித் தானே அறியாது. ஆகலின் இங்கே அழைப்பதை அங்கே தானாகக் கேளாது. ஈதளவில் நிறுத்தின் வழிபாடெல்லாம் வீணென்றே முடியும். சித்தாந்தம் ஈண்டு நிறுத்துவதில்லை. எத்தெய்வத்தின் பெயரால் எங்கே வழிபட்டாலும், அதனை ஏற்றுப் பயனளிக்க வருபவன் உமையொருபாகனே என்று அருணந்தி சிவம் சித்தியாரில் அறுதியிட்டுக் கூறினார். பிற தெய்வங்களும் பிறந்து இறந்து வினைக்குட்பட்டு வருந்துவன. தாமே அறிந்து அளிக்க மாட்டா. நடுகல்லின் முன் வைத்த கலத்துக்கும் இதுவே முறை. வைத்தவன் அன்பை அறிபவன் ஒருவன் உளன். சென்ற உயிர் எங்குளதென்று அறிபவனும் அவனே. அஞ்சல் எழுதுகின்றேம், தாள் சடம், மையும் சடம். 'அன்புள்ள அப்பா' என்று எழுதியவனை, தாளையா தந்தையென்றாய் என்று நகைப்பார் உண்டோ? கொண்டுசேர்ப்பவன் இருக்கின்றான் என்னும் துணிபிலன்றோ எழுதுகின்றேம்!

"அங்ஙனமாயின் சிவலிங்கமும் அஞ்சற்றாள் போல்வதோ?" என்று கேட்டனர். அன்று. ஈண்டு வேறுபாடு பெரிது. இறைவன் எங்கும் நிறைந்தவன். வழியிற்கிடக்கும் கல்லிலும் உளன். ஆண்டுப் பாலில் நெய்போல விளங்காது நிற்பன். திருக்கோயிலிலும் அடியார் வேடத்திலும் தயிரில் நெய்போல விளங்கி நிற்பன் என்பது பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. இதனாற் கல் உயிர் பெற்றது என்று எண்ணற்க. உயிர் உடம்பிற் கட்டுண்டு, உடம்பு வருந்தத் தானும் வருந்தும். இறைவன் கல்லிற் கட்டுண்பவன் அல்லன்; உளியாற் பொளிந்தால் நோவான் அல்லன். சடமும் அன்று, உடம்பெடுத்த உயிரும் அன்று. இவ்விரண்டன் வேறாய் மூன்றாவதொரு நிற்றல் அது. பள்ளிப்பலகையில் இரண்டு பத்திகளே உண்டு, மூன்றாவதற்கு இடமில்லை. அதுபற்றிப் பலகையை நோவதில் பயனில்லை. பலகை அதற்கென்று செய்யப்பட்டதன்று.

திருத்தொண்டருட் சாக்கிய நாயனார் புத்தர் வேடத்தோடு நின்று நாடோறும் இலிங்கத்தின்மேற் கல்லெறிந்தார். எறிந்தது கல். எறியப்பட்டதும் புறக்கண்ணுக்குக் கல்லே. ஒருநாள் எறிய மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்தவுடன் சோற்றை விட்டு ஓடினார். சுற்றி நின்றார் கண்டது இரண்டு கற்களின் மோதல். இறைவன் கண்டது அவ்வோட்டம்.

இளைஞர் நெடுநேரம் வாளா இருந்தனர். பின், "கரும்பலகையில் எழுதியது?" என்றார். "மெய். தொடர்ந்து எழுதுக" என்றேம். "அழைத்தது?" என்றார். "அதுவும் மெய். கல்லை அழைத்தீரல்லீர்" என்றேம். வணங்கிச் சென்றனர்.

ஒரு திங்கள் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. கடைநாளிற் கல்லை எடுத்துச் சென்று ஒகேனக்கலில் ஆற்றில் விட்டனராம். விட்டுத் திரும்புகையில் ஒருமுறை பின்னோக்கிப் பார்த்துவிட்டனராம்; அங்ஙனம் பார்த்தல் ஆகாதென்று உடன்வந்த பெரியப்பா கடிந்தனராம். நீர் சுழித்தோடிய இடத்திற் கல் எதுவென்று தெரியவில்லை, எல்லாம் ஒன்றாகவே இருந்தன என்று எழுதி, பார்த்தது குற்றமோ என்று கேட்டிருந்தனர். குற்றமன்று என்று அன்றே மறுமொழி எழுதினேம்.